கொங்கிலிருந்து கப்பல் ஏறுகிறவர்களுக்கு: கடல் நாட்குறிப்பு எழுதுவது எப்படி?

நம்முடையது கடலே இல்லாத சீமை. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் ஆறு, குளம், கிணறு, அணை இவைதான் நாம் பார்த்து வளர்ந்த தண்ணீர். ஆனாலும் இங்கிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மெர்ச்சன்ட் நேவியில் கேடட்டாகச் சேர்கிற பிள்ளைகள், கொச்சிக்குப் போய் லட்சத்தீவுக் கப்பல் பிடிக்கும் குடும்பங்கள், அந்தமானுக்கு விமானம் வேண்டாம், சென்னையிலிருந்து கப்பலிலேயே போவோம் என்று கிளம்புகிறவர்கள். அவர்களிடம் போகிறபோது ஒரு டைரி எழுதுங்கள் என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அங்க போயி என்னத்தைங்க எழுதறது? எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணிதானுங்களே?”

நியாயமான கேள்வி. கடல் டைரிகள் பெரும்பாலும் இரண்டாம் நாளோடு நின்றுபோவதற்கும் அதுவே காரணம். முதல் நாள் ஏழெட்டுப் பக்கம் ஓடும். மறுநாள் “இன்றும் கடல். சாப்பாடு சுமார்” என்று ஒரு வரி. அதற்கப்புறம் வெற்றுத்தாள். மூன்றாம் நாளும் எழுதுவதற்குக் கைவசம் விஷயம் இருக்க வேண்டும் என்றால் பாதி எழுத்து, பாதி படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் வரையத் தெரியாது என்று சொல்ல வேண்டாம். அழகாக வருவதற்காக வரையச் சொல்லவில்லை. கண் ஓர் இடத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும், அதற்கு வரைவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நோட்டு, பென்சில், மற்ற சாமான்கள்

இரண்டு நோட்டு வாங்குங்கள். ஒன்று சட்டைப் பையில் அடங்குகிற சின்னது, இன்னொன்று கேபினிலேயே இருக்கிற பெரியது. பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வினும் இப்படித்தான் செய்தார். கரையிறங்கிய இடங்களில் பாக்கெட் நோட்டில் துண்டு துண்டாகக் குறித்துக்கொண்டு, கப்பலுக்குத் திரும்பி அமைதியாக உட்கார்ந்து நாட்குறிப்பை விரித்து எழுதினார். கடல் குமட்டல் அவரை அந்த ஐந்து வருடமும் விடவில்லை, டைரியும் நிற்கவில்லை.

பெரிய நோட்டு நூல் தைத்த பைண்டிங்காக இருக்கட்டும். கோந்து மட்டும் போட்டு ஒட்டியவை கடல் ஈரத்தில் தாள் தாளாக விட்டுப்போகும். கோடு போடாத, கொஞ்சம் கனமான தாள் நல்லது. எழுதுவதற்குப் பென்சில் அல்லது சாதாரண பால்பாயிண்ட் பேனா போதும். பென்சில் கரி தண்ணீரில் கரையாது, பால்பாயிண்ட் மை எண்ணெய் கலந்தது என்பதால் அதுவும் எளிதில் கலையாது. ஜெல் பேனாவும் ஊற்றுப் பேனாவும் பெரும்பாலும் ஒரு சாரலுக்கே மேகம்போலப் பரவிவிடும். 2பி, 4பி பென்சில் இரண்டிரண்டு, ஷார்ப்னர் ஒன்று, சின்ன வாட்டர்கலர் கேக் டப்பா ஒன்று, ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவர் நாலைந்து, டெக்கில் தாளைப் பிடித்துவைக்கத் தடித்த ரப்பர் பேண்ட். பென்சிலை ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். டெக்கில் உருண்டு போனால் போனதுதான்.

கடல் தண்ணீரைத் தொட்டு வர்ணம் தீட்டலாமே என்று நிறையப் பேருக்கு ஓர் ஆசை வரும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் ஊருக்கு வந்த பிறகும் பிசுபிசுப்பு விடாது. குடிதண்ணீரே போதும்.

கிளம்புவதற்கு முன் ஊரிலேயே பழக வேண்டியவை

இதற்கு ஒரு மாதம் ஒதுக்கினால் கப்பலில் திண்டாட வேண்டியதில்லை. முதலில் காற்று. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805 வாக்கில் காற்றின் பலத்துக்கு 0 முதல் 12 வரை ஓர் அளவு வகுத்தார். பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய் அதைப் பயன்படுத்தினார், மாலுமிகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கருவி எதுவும் வேண்டாம், பார்த்தே சொல்லிவிடலாம். நிலத்துக்கான அறிகுறிகளும் அதில் பிற்பாடு சேர்ந்தன. இலையும் சின்னக் குச்சியும் நிற்காமல் ஆடினால் 3. புழுதியும் காகிதமும் பறந்தால் 4. இலை நிறைந்த சின்ன மரங்களே அசைந்தாடினால் 5. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கச் சிரமப்பட்டால் 6.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் அடிக்கிற காற்றில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வாரத்துப் பாடம். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று இன்றைக்கு 4, இன்றைக்கு 5 என்று குறித்துப் பழகுங்கள். கடலுக்குப் போனதும் அறிகுறி மாறும், எண் மாறாது. அலையின் நுனி லேசாக உடைந்து அங்கங்கே வெள்ளை தெரிந்தால் 3. வெள்ளை நுரை அடிக்கடி கண்ணில் பட்டால் 4. “காற்று பலமாக இருந்தது” என்று எழுதுவதைவிட “காற்று 5, மத்தியானம் 6” என்று எழுதினால் பத்து வருடம் கழித்துப் படிக்கிறவருக்கும் கடல் தெரியும்.

அடுத்தது கண். கோயம்புத்தூர்க்காரர்கள் பேரூர் பட்டீஸ்வரர் கோயிலின் கனகசபைக்கு ஒரு நடை போய் வாருங்கள். மதுரை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம் அது. யானையை உரித்துப் போர்த்தும் சிவன், வீரபத்திரர், காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவர் எல்லாம் தூணோடு தூணாக நிற்கிறார்கள். முழுச் சிற்பத்தையும் வரையப் பார்க்காதீர்கள். ஒரு கை, ஒரு முழங்கால், ஆடையின் ஒரு மடிப்பு போதும். ஆடுகிற உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று கவனியுங்கள். கப்பலில் மாலுமிகள் நிற்கிற விதத்தை வரையும்போது இது கைகொடுக்கும். ஆடும் தளத்தில் அவர்கள் காலைக் கொஞ்சம் அகட்டி, முழங்காலைத் தளர்த்தித்தான் நிற்பார்கள்.

மூன்றாவது, தண்ணீர். உக்கடம் பெரியகுளம், ஆழியாறு, பவானிசாகர் என்று எது கிட்டமோ அங்கே உட்கார்ந்து, காற்று தண்ணீர்மேல் ஓடும் தடத்தை மட்டும் பென்சிலால் இழுத்துப் பாருங்கள். பத்துப் பக்கம் வீணாகட்டும், பரவாயில்லை.

முதல் நாள்: எழுதாமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கப்பலில் ஏறிவிட்டால் உங்கள் கப்பலை முழுசாகப் பார்க்க முடியாது. அதனால் ஏறுவதற்கு முன்பே அதன் முழு உருவத்தைப் பக்கவாட்டிலிருந்து மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் படம் எடுப்பதற்கும் வரைவதற்கும் கட்டுப்பாடு இருக்கும், அங்கே நிற்கும் காவலரிடம் கேட்காமல் நோட்டைத் திறக்க வேண்டாம். உள்ளே போய் நினைவிலிருந்து வரையலாம்.

ஏறின வேகத்தில் குனிந்து எழுத ஆரம்பிப்பதுதான் குமட்டலுக்கு நேர்வழி. உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ அசையாத தாளைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல்தான் தலை சுற்றுகிறது. அன்றைக்கு டெக்கில் நின்று அடிவானத்தைப் பாருங்கள், அது ஒன்றுதான் அசையாமல் இருக்கும். பங்க் (படுக்கை) தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் அவ்வளவாகப் பலன் இருக்காது. வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள். இஞ்சி மரப்பா, வறுத்த கடலை, ரஸ்க் மாதிரி ஏதாவது பையில் இருக்கட்டும்.

எழுதியே ஆக வேண்டும் என்றிருந்தால் நின்றுகொண்டு, நோட்டை நெஞ்சு உயரத்தில் பிடித்து, இரண்டு வார்த்தை எழுதிவிட்டு நிமிர்ந்து கடலைப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் செல்போனில் பேசிப் பதிவு செய்துவிடலாம். ஆனால் போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். சில கப்பல்களில் சாட்டிலைட் வழியாக வரும் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும், ஊருக்கு வந்த பிறகு பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

மத்தியானக் குறிப்பு

கப்பலின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் கப்பல் இருக்கும் இடம், வேகம், காற்று, வானிலை எல்லாம் எழுதுவார்கள். அது சட்ட ஆவணம், நம் டைரி வேறு. ஆனால் அதன் ஒழுங்கைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். தினமும் பன்னிரண்டு மணிக்கு எந்த உணர்ச்சியும் கலக்காமல் சில வரிகள் எழுதுங்கள். எங்கே இருக்கிறோம் (போன் ஜிபிஎஸ் காட்டும், இல்லையென்றால் ஊழியர்களிடம் கேட்கலாம்), வேகம் எத்தனை நாட், காற்று எத்தனை, வானம் எப்படி, சூரியன் எத்தனை மணிக்கு உதித்தது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

சூரியோதய நேரத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். கோயம்புத்தூர், லட்சத்தீவின் கவரத்தி, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயர் மூன்றும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 11 டிகிரி வடக்கை ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால் பகலின் நீளம் பெரிதாக மாறாது. ஆனால் தீர்க்கரேகை ஒரு டிகிரி கிழக்கே நகர்ந்தால் சூரியன் நான்கு நிமிடம் முன்னால் உதிக்கும். கடிகாரமோ இந்திய நேரத்திலேயே இருக்கும். சென்னையிலிருந்து அந்தமான் போகிறவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் முன்னால் விடிவதை டைரியிலேயே பார்க்கலாம். போய்ச் சேர்ந்ததும் கோயம்புத்தூரைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் சீக்கிரம் விடியும், இருட்டுவதும் அப்படியே. எந்தப் பக்கமும் தண்ணீர்தான், ஆனாலும் எங்கேயோ நகர்ந்துகொண்டிருக்கிறோம் என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக் கடலில் போகிற கேடட்டுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கப்பல் நேரத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், ஒரு நாள் 23 மணி நேரமாகவோ 25 மணி நேரமாகவோ ஆகும். அதனால் கப்பல் நேரம், இந்திய நேரம் இரண்டையும் எழுதுங்கள். பசிபிக்கில் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டினால் ஒரே தேதி இரண்டு முறை வரும். “அதே தேதி, இரண்டாவது” என்று போட்டால் பிற்பாடு குழப்பம் வராது.

விலையும் அளவும்கூட எழுதுங்கள். கேன்டீனில் டீ என்ன விலை, பங்க் டிக்கெட் என்ன விலை, சாப்பாட்டில் எத்தனை சப்பாத்தி. அற்பமாகத் தோன்றலாம். நம் ஊருக்கும் கடலுக்கும் இருந்த பழைய உறவு பற்றித் தெரிவதெல்லாம் இப்படிப்பட்ட அற்பங்களால்தான். நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில் கல்மணி செய்தார்கள் என்பதை அங்கே தோண்டியெடுத்த மணிகளும் அரைகுறைக் கற்களும்தான் சொல்கின்றன. வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸ் (சேரநாட்டு முசிறித் துறைமுக வணிகம் பற்றிய நாணல் தாள் ஏடு) ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. தந்தம் இவ்வளவு, வாசனைப் பொருள் இவ்வளவு, மதிப்பு இவ்வளவு. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, ஊரில் என்ன பேச்சு என்றுதான் எழுதிக்கொண்டு போனார். அலையைப் பார்த்து உருகியவர்களின் பக்கங்களைவிட இவையே எனக்குப் பிடித்திருக்கின்றன.

ஜமக்காளப் பக்கம்

டைரியில் ஒரு பக்கத்தைத் தினமும் நிறத்துக்கு ஒதுக்குங்கள். விடியற்காலை, காலை பத்து, மத்தியானம், நாலு மணி, சூரியன் மறையும் நேரம் என்று ஐந்து தடவை டெக்குக்குப் போய், அப்போது கடல் என்ன நிறமோ அதை ஒரு பட்டையாகத் தீட்ட வேண்டும். அலை வேண்டாம், படகு வேண்டாம், வெறும் பட்டை. ராத்திரிக்குள் அந்தப் பக்கம் பவானி ஜமக்காளம்போல ஆகிவிடும்.

முதல் பட்டையில் கை தானாக நீலத்தைத்தான் தொடும். நிறுத்திவிட்டு நன்றாகப் பாருங்கள். கரையை ஒட்டி வண்டலும் நுண்பாசியும் கலந்து பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். ஆழத்துக்குப் போகப் போகக் கருநீலம். தண்ணீர் வெளிச்சத்தின் சிவப்பைச் சீக்கிரம் விழுங்கிவிடுகிறது, நீலம்தான் ஆழம்வரை போய்ச் சிதறித் திரும்புகிறது. மேகம் மூடினால் கடலின் மேற்பரப்பு வானத்தைப் பிரதிபலித்து ஈயம்போல ஆகும். சாயங்காலம் சூரியன் இருக்கிற பக்கம் ஒரு நிறம், எதிர்ப்பக்கம் இன்னொரு நிறம். அதனால் எந்தத் திசையைப் பார்த்துத் தீட்டினீர்கள் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

திருப்பூர், ஈரோட்டில் சாயப்பட்டறையிலோ துணிக்கடையிலோ வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாக வரும். கறுப்பிலேயே எத்தனை கறுப்பு என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓவியர்கள் எங்கே நின்று பார்த்தார்கள்?

பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் அலை சப்பென்று இருக்கும், படத்தில் இன்னும் சப்பையாகும். காரணம் உயரம். கண் கடலிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம், 20 மீட்டர் என்றால் 16. உயர உயரக் கடல் விரியும், அலை சுருங்கும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் செய்த புகழ்பெற்ற பேரலைப் படத்தில் நம் கண் தண்ணீர் மட்டத்துக்கே இறங்கிவிடுகிறது. அலை வானம் வரை எழ, ஃபுஜி மலை அதன் மடியில் சின்னதாகத் தெரிகிறது. மூன்று படகுகளில் துடுப்புக்காரர்கள் குனிந்து பதுங்குகிறார்கள். அலையை வரைய வேண்டுமென்றால் நீங்களும் அனுமதி உள்ள மிகக் கீழான தளத்துக்கு இறங்குங்கள்.

புயலோ கனமழையோ வந்தால் அடிவானக் கோடு காணாமல் போகும். கோடு போட்டுப் பழகிய கை அப்போது தடுமாறும். ஆங்கில ஓவியர் டர்னர் 1842இல் காட்டிய பனிப்புயல் படத்தில் கோடே கிடையாது. நீராவிக் கப்பலைச் சுற்றிக் கடலும் வானமும் புகையும் ஒரே சுழலாகிவிட்டன. புயலைப் பார்ப்பதற்காகத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னதாக அவர் சொன்ன கதையை ஆய்வாளர்கள் பலரும் நம்புவதில்லை, நீங்களும் முயல வேண்டாம். ஜன்னலுக்குள்ளிருந்தே பென்சிலைப் படுக்கவைத்துச் சுழற்றி, எங்கே இருட்டு எங்கே வெளிச்சம் என்பதை மட்டும் பிடியுங்கள்.

தூரத்துக் கப்பல்களைப் பெரிதாக வரைகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1819இல் முடித்த ‘மெதூசாவின் தெப்பம்’, மெதூசா என்ற கப்பல் விபத்துக்குள்ளாகித் தெப்பத்தில் தத்தளித்தவர்களின் படம், ஏறக்குறைய 5 மீட்டருக்கு 7 மீட்டர். தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு, தெப்பத்துக்கு ஒரு மாதிரியும் செய்யவைத்து வரைந்தார். அவ்வளவு பெரிய துணியில், அவர்கள் கைவீசிக் கூப்பிடும் கப்பல் அடிவானத்தில் ஒரு துளி. பார்க்கிறவருக்கு வயிறு கலங்குவது அந்தத் துளியால்தான். நீங்கள் பார்க்கிற கப்பல் கடுகளவு என்றால் கடுகளவே வையுங்கள்.

அஜந்தா 2ஆம் குகை ஓவியத்தில் மூன்று பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்று இருக்கிறது, ஜாவாவின் போரோபுதூர்ச் சுவர்ச் சிற்பங்களில் பக்கக்கட்டை வைத்த கப்பல்கள் இருக்கின்றன. எல்லாமே வெளியிலிருந்து பார்த்தவை. உள்ளே இருக்கிற உங்களுக்குக் கிடைப்பது கயிற்றுச் சுருள், துருவேறிய போல்ட், லைஃப் போட்டின் அடிவயிறு, பலமுறை பெயின்ட் அடித்துத் தடித்துப்போன கைப்பிடி. அந்த ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கிடைக்காதது இது.

மனிதர்களும், எழுதக் கூடாதவையும்

டெக்கில் நோட்டோடு உட்கார்ந்தால் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். மறைக்காதீர்கள். படத்தைக் காட்டினால் பேச்சு தானாக வரும். தீவுக்காரர், சமையல்காரர், கேரளத்து நர்ஸ் என்று யார் பேசினாலும் அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் நடைக்கு மாற்ற வேண்டாம். முகத்தை வரைவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். “ஏனுங்க, உங்களை வரையலாங்களா?” என்று கேட்டு மறுத்தவர்கள் குறைவு.

வேலைக்குப் போகிற கேடட்டுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நான்கு மணி நேர வாட்ச் (காவல் பணி) முடிந்து, குளித்து, சாப்பிட்ட பிறகுதான் டைரி. வாட்சில் நிற்கும்போது நோட்டைத் தொடவே கூடாது. கப்பலின் பாதுகாப்பு ஏற்பாடு, போகும் பாதை, சரக்கு விவரம் ஆகியவற்றைத் தனி டைரியில் எழுதாமல் இருப்பது நல்லது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. மேலதிகாரிமேல் கோபம் என்றால் பெயர் போடாமல் எழுதுங்கள். கப்பல் சின்ன இடம், டைரி யார் கைக்கும் போகும்.

வீட்டு நினைவு வருகிற நாளில் பக்கம் பக்கமாக ஓடும். ஓடட்டும். அந்த நாளிலும் மத்தியானக் குறிப்பும் ஐந்து பட்டையும் விட்டுப்போக வேண்டாம்.

இறங்கிய பிறகு

ஓரிரு நாள் தரையே ஆடுவதுபோல இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். சின்ன நோட்டில் கிறுக்கியதை முதல் வாரத்துக்குள் பெரிய நோட்டில் விரித்து எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது. நோட்டை நேர் வெயிலில் காயவைக்காதீர்கள், வர்ணம் வெளுக்கும், தாள் நெளியும். நிழலில், மின்விசிறிக்குக் கீழே, பக்கங்களை அவ்வப்போது புரட்டிவிட்டு உலர்த்துங்கள். டிக்கெட், சாப்பாட்டுக் கூப்பன் மாதிரியானவற்றை செலோடேப்பால் ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். ஒரு காகித உறையைக் கடைசி அட்டையில் மைதாப் பசையால் ஒட்டி அதற்குள் போட்டுவையுங்கள். மைதாவில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்துகொண்டால் பூச்சி வராது. அது விஷம், அதனால் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகளுக்கு எட்டாமல் செய்யுங்கள். பக்க எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் ஸ்கேன் எடுத்து இன்னோர் இடத்திலும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.